அழைத்தும் பதில் கூறாதவர்

குற்றச்சாட்டு: வீரைக்குப்பம் காப்பிட அலுவலகம், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் தேதியிட்ட தன் ஆணையில், நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் கொளஞ்சிநாதன் என்பவர், மே மாதம் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காப்பிடமான காட்டின் உள்ளே இருந்துகொண்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் தம் பெயரைச் சொல்லி அழைத்ததைக் கேட்டும், வேண்டுமென்றே பதில் கூறாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறது. அவ்வாறு எழுதி, அவருடைய ஆண்டு அனுமதிச் சீட்டை நிரந்தரமாக ரத்து செய்திருக்கிறது. ‘கேட்டும்’ என்ற சொல்லுக்கும் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கும் அந்த அலுவலகத்திடம் சான்று இல்லை. இல்லாத சான்றை வைத்து ஒரு மனிதனைப் பற்றி எழுதியது தவறு.

மற்றவை எதையும் கொளஞ்சிநாதன் மறுக்கவில்லை. அன்று காட்டின் தரையில் வீரை மரத்தின் நாற்றுகள் மிதிபட்டன. தரையிலேயே முட்டையிடும் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டு நசுங்கின. தட்டுகளை அடித்த ஓசையில் பறவைகள் கலைந்தன. இவையெல்லாம் அவரைத் தேடி வந்தவர்களால் நடந்தவை. அப்படியே எழுதியிருந்தால், படித்துவிட்டுக் கோப்பில் வைத்திருப்பார். அவருடைய வழக்கு அந்த இரண்டு சொற்களைப் பற்றியது மட்டுமே. அந்தச் சொற்கள் நிற்கும்வரை அவர் அந்தக் காட்டுக்குள் போக முடியாது. அந்தக் காட்டைத் தவிர அவருடைய காதுக்கு இளைப்பாற வேறு இடம் கிடையாது.

கொளஞ்சிநாதன் குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இருபத்திரண்டு வயதில் சுரங்கத்தில் ஓர் ஒப்பந்தக் குழுவில் சேர்ந்தார். ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், குழு மாறவில்லை. கடைசிவரை அவர் கான்ட்ராக்ட் ஆள்தான். பெர்மனன்ட் வேலை அவர் மனைவி கண்ணகிக்குத்தான் வாய்த்தது. கண்ணகியின் அப்பா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர். ஒரே வாரிசு என்பதால் தோட்டப் பிரிவில் அவளுக்கு வேலை வந்தது, வேலையோடு குவார்ட்டர்ஸும் வந்தது. அந்தத் தெருவில் கொளஞ்சிநாதனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ‘கண்ணகி அக்கா வூட்டுக்காரர்’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

பள்ளிக்கூடம் விட்ட இடத்திலிருந்து அவரே படித்துக்கொண்டார். நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்ததில்லை. தொழிலாளர் சட்டம், தகவல் உரிமைச் சட்டம், மோட்டார் வாகன விதிகள் என்று எடுத்து வருவார். வீட்டு பீரோவின் மேல் இரண்டு தட்டுகளிலும் அவருடைய கோப்புகள் இருந்தன. மின்கட்டண ரசீது முதல் பழைய கேட் பாஸ் வரை எல்லாம் ஆண்டு வாரியாக. கண்ணகியின் சேலைகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

அவர் செய்தது பெல்ட் வேலை. சுரங்கத்தில் வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் அகலமான ரப்பர் பெல்ட் ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை சுமந்து ஓடும். அதன் அடியில் சிந்துகிற மண்ணை வாரி வெளியே போட வேண்டும். பெல்ட்டை இழுக்கும் மோட்டார்களுக்குப் பக்கத்தில்தான் அதிகம் சிந்தும். ஆகவே அந்தக் குழுவின் வாழ்நாளில் பெரும்பகுதி மோட்டார்களுக்குப் பக்கத்தில் கழிந்தது. பெல்ட்டை நிறுத்திவிட்டு அடியில் நுழைவார்கள். ஆள் அடியில் இருக்கும்போது எவராவது தெரியாமல் ஓட்டிவிட்டால் அள்ளுவதற்குக்கூட மிஞ்சாது. அதனால் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் பித்தளையில் ஒரு டோக்கன். அடியில் நுழையும் முன் ஸ்விட்சுக்குப் பக்கத்திலுள்ள பலகையில் அதை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டோக்கன் தொங்கினாலும் பெல்ட் ஓடாது. ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால், அந்த ஆள் கண்ணில் படும்வரை மற்ற ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

பலகைக்குப் பொறுப்பாக நின்றவர் மந்தாரக்குப்பம் ஹிதாயத்துல்லா. கொளஞ்சிநாதன் அவரை மச்சான் என்பார், அவரும் அப்படியே. இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஆண்டில் வேலையிலிருந்து நின்றார்கள். நிற்கும்போது அவரவர் டோக்கனை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் வராத பித்தளை என்பதால் யாரும் கேட்கவில்லை.

காதில் இரைச்சல் எப்போது வந்தது என்று கொளஞ்சிநாதனால் தேதி சொல்ல முடியவில்லை. தேதி இல்லாத விஷயம் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான். முதலில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்வரை இருந்தது. பிறகு சாப்பாடு வரை, பிறகு தூக்கம் வரை நீண்டது. பிறகு போகவே இல்லை. மெல்லிய, கூரான, நிற்காத ஓசை அது. திறந்துவிட்டுப் பற்றவைக்காத கேஸ் அடுப்பின் சீறலைப் போல இருக்கும். வேலையில் இருந்தவரை மோட்டார் சத்தம் அதை மூடியிருந்தது. வேலை நின்று வீடு அமைதியானதும் அது தலை முழுவதும் பரவியது. விருத்தாசலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அதையும் வாயால்தான் சொன்னார். எழுதிக் கொடுக்காததால் அது கோப்பில் இல்லை.

ஒருநாள் சமையலறையிலிருந்து கண்ணகி எட்டிப் பார்த்தாள். மேசைமேல் ரேடியோ கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“ஸ்டேஷனே இல்லாம ஓடிக்கினு இருக்குது. நியூசா கேக்குறீங்க?”

“இது ஓடுனா அது கொஞ்சம் அடங்குது.”

“உங்களுக்கு அது அடங்குது. எனக்கு இது ஏறுது.” அவள் ரேடியோவை நிறுத்தவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீரைக்குப்பம் காட்டுக்கு அவரை முதலில் கூட்டிப்போனவளும் கண்ணகிதான். தோட்டப் பிரிவு ஊழியர்களுக்கு உள்ளூர் மரங்களைக் காட்டுவதற்காக ஒரு சித்திரை மாதத்தில் பஸ் ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். கடற்கரைக்கும் வயல்களுக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் சிறிய காடு அது. மழை குறைந்த சமவெளியில் ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் காடு. வீரை, காயா, பாலை, குருந்து, கருங்காலி என்று குட்டையான, கெட்டியான மரங்கள். இப்படிப்பட்ட காடு இந்தக் கரையோரத்தில் துண்டு துண்டாகத்தான் மீந்திருக்கிறது என்று கூட வந்த அலுவலர் ஒலிபெருக்கியில் சொன்னார். காட்டின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் நின்றது: ‘இங்கு குடிநீர், கழிப்பறை, இருக்கை, நிழற்கூரை எதுவும் இல்லை. அனுமதிச் சீட்டு இன்றி உள்ளே செல்லக் கூடாது. பாதையை விட்டு விலகக் கூடாது. வருவோர் தம் சொந்தப் பொறுப்பில் வரவும்.’

பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பலகையைப் படித்துவிட்டுப் பஸ் நிழலிலேயே உட்கார்ந்தார்கள்.

“தண்ணி இல்ல, பாத்ரூம் இல்ல, ஒக்கார ஒரு பெஞ்சு இல்ல. இதப் பாக்கவா ஒருநாள் லீவு போட்டுக்கினு வந்தோம்?” என்றாள் ஒருத்தி.

“இல்லன்னுதான் போர்டுலயே எழுதி வச்சிருக்காங்களே” என்றாள் கண்ணகி.

“இல்லன்னு சொல்றதுக்கு ஒரு போர்டு. அந்தச் செலவுக்கு ஒரு கொழா போட்டிருக்கலாம்.”

“கொழா போட்டா நீ அங்கியே துணி தொவைப்ப.”

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது கொளஞ்சிநாதன் ஒற்றையடிப் பாதையில் உள்ளே நடந்தார். சிறிது தூரம் போனதும் ஏதோ ஒன்று நின்றது. தலைக்குள் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது நின்றது. காது மொத்தமாகப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பயந்துபோய் இரண்டு கைகளையும் தட்டினார், தட்டியது கேட்டது. பிறகுதான் மரங்களைக் கவனித்தார். பாலை மரங்களில் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான வண்டுகள், ஒரே கூர்மையில், இடைவிடாமல். அவர் காதின் ஓசையும் வண்டுகளின் ஓசையும் ஒரே உயரத்தில் இருந்தன. எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததால் உள்ளே இருந்தது இல்லாமல் போனது. ஒரு பாலை மரத்தடியில் பாதையோரமாக உட்கார்ந்தார். பஸ் ஹாரன் அடித்தது அவருக்குத் தெரியாது. கண்ணகி வந்து தோளைத் தொட்டுக் கூட்டிப் போனாள்.

“உள்ள போனதும் நின்னுபோச்சு” என்றார் பஸ்ஸில்.

“எது? காதா?”

“காதில்ல. இரைச்சல்.”

“அப்ப தெனம் போங்க. எனக்கும் வூட்ல ரேடியோ மிச்சம்.”

வண்டுகள் கோடையில்தான் கத்தும். ஆகவே மறு கோடைக்குள் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அவர் முறையாக விண்ணப்பித்தார். காட்டில் வசதி ஒன்றும் இல்லை, வெயில் கடுமை, ஆள் மயங்கி விழுந்தால் கவனிக்க அங்கே எவரும் கிடையாது; ஆகவே விண்ணப்பத்தோடு உடற்தகுதிச் சான்று கட்டாயம் என்று விதி சொன்னது. வேறு யாராக இருந்தாலும் பஜாரில் ஒரு டாக்டரைப் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கியிருப்பார்கள். கொளஞ்சிநாதனின் கோப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வேலையின் கடைசி ஆண்டில் அப்போதைய ஒப்பந்தக்காரர் நடத்திய முகாமில் கொடுத்தது. முத்திரை இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. முத்திரையுள்ள காகிதம் கையில் இருக்கும்போது இன்னொன்றைத் தேடுவது அவருடைய முறைக்கு ஒத்துவராது. நகல் எடுத்து இணைத்தார். இதயம் இயல்பு, ரத்த அழுத்தம் இயல்பு, பார்வை இயல்பு, செவித்திறன் இயல்பு என்று அதில் இருந்தது. கடைசி வரி அவருக்குத் தெரியாமல் இல்லை. காட்டுக்குள் போக இதயம்தானே முக்கியம் என்று நினைத்தார். சீட்டு வந்தது.

அடுத்த கோடை தொடங்கியதிலிருந்து போய்வந்தார். குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் போய் இறங்கி நடந்துபோவார். சில நாள் ஹிதாயத்துல்லா வண்டியில் கொண்டுபோய் விடுவார். காவலாளி இல்லாத இடம். உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று சொல்வதற்கு வெளியே ஒன்றும் இல்லை. அது கொளஞ்சிநாதனுக்குச் சரியாகப் படவில்லை. அறிவிப்புப் பலகையின் காலில் பழைய ஆணி ஒன்று இருந்தது. உள்ளே போகும் முன் தம் பித்தளை டோக்கனை அதில் மாட்டினார். வெளியே வந்ததும் எடுத்துக்கொண்டார்.

ஹிதாயத்துல்லா அதைப் பார்த்துச் சிரித்தார். “இங்க என்னா பெல்ட்டா ஓடுது?”

“நீ பாட்டுக்கு வந்து பாக்குற. நான் உள்ள இருக்கேனா, போயிட்டேனான்னு எப்படித் தெரியும்?”

“போன் பண்ணா தெரியுது.”

“டவர் இல்ல.”

அன்று முதல் வண்டியைத் திருப்பும்போது அந்த ஆணியைப் பார்ப்பது ஹிதாயத்துல்லாவுக்கும் வழக்கமாயிற்று.

2023 மே 21 அன்று காலையில் அவர்தான் கொளஞ்சிநாதனை இறக்கிவிட்டார். குறிஞ்சிப்பாடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. அதை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. சொன்னபடி வந்தார். கையில் பிரியாணிப் பொட்டலம். ஆணியில் டோக்கன் தொங்கியது. நின்று பார்த்தார். வாயிலில் நின்றபடியே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வண்டுகளின் சத்தத்தைத் தாண்டி அவர் குரல் உள்ளே போய்ச் சேரவில்லை. உள்ளே போகலாம், ஆனால் அவரிடம் சீட்டு இல்லை, சீட்டு இல்லாமல் போகக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. அந்த விதியை அரை மணி நேரம் மதித்தார். அதற்குமேல் டோக்கனைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. தார்ச்சாலை வரை போய், போனில் சிக்னல் பிடித்து, பழைய குழுவைக் கூப்பிட்டார். அனுமதி இல்லாத ஒருவர் உள்ளே போகக் கூடாதென்று நின்ற மனிதர், அனுமதி இல்லாத இருபத்து மூன்று பேரை வரவழைத்தார்.

சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் ஒரு கேள்விதான் கேட்டார்கள்: “டோக்கன் இன்னும் தொங்குதா?” தொங்குகிறது என்றதும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

ஒற்றையடிப் பாதையிலேயே நடந்திருந்தால் சிறிது நேரத்தில் பாலை மரத்தடிக்கு வந்திருப்பார்கள். ஆனால் பெல்ட்டுக்கு அடியில் பாதை என்று ஒன்று கிடையாது. அங்கே ஆளைத் தேடும் முறை வேறு: கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரிசையாக நின்று, மண் வாரும் தட்டையும் வாளியையும் அடித்துக்கொண்டு, ஓரடி இடம் விடாமல் முன்னேற வேண்டும். அப்படித்தான் முன்னேறினார்கள். புதர்களை விலக்கி, சருகை மிதித்து, கொளஞ்சி, கொளஞ்சி என்று கத்திக்கொண்டு காட்டின் அகலம் முழுவதையும் நடந்து கடந்தார்கள். மிதிபட்டவை எல்லாம் அப்போது மிதிபட்டவை. பக்கத்து ஊரில் தட்டுச் சத்தம் கேட்ட ஒருவர் காப்பிட அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

ஹிதாயத்துல்லாதான் அவரைப் பார்த்தார். மரத்தில் சாய்ந்து, கண்களை மூடி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒருகணம் ஹிதாயத்துல்லா கிட்டே போகவில்லை. பிறகு போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார். கொளஞ்சிநாதன் கண்களைத் திறந்தார்.

“என்னா மச்சான், அதுக்குள்ள மூணாயிடுச்சா?”

ஹிதாயத்துல்லா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “மூணா? அஞ்சாவுது. நாங்க கத்துனது ஊருக்கே கேட்டுடுச்சு. நீ என்னமோ மாமியா வூட்ல ஒக்காந்திருக்கிற மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கிற.”

கொளஞ்சிநாதன் எழுந்து பார்த்தார். வரிசையாக இருபத்து மூன்று பேர் தட்டும் கையுமாக நின்றார்கள். வனச்சரக அலுவலர் சுதாகர் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வரும் வழியில் ஓரிடத்தில் குனிந்து எதையோ பார்த்தார். அவை அந்த முட்டைகள்.

விசாரணை மறுவாரம் அலுவலகத்தில் நடந்தது. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஹிதாயத்துல்லா சொல்லிவைத்தார். “தூங்கிட்டேன்னு சொல்லிடு. தூங்குறது குத்தமா? ஷிப்ட்ல தூங்கினாதான் மெமோ.”

“நான் தூங்கலியே.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா?”

சுதாகர் மரியாதையான மனிதர். மின்விசிறியின் சத்தத்தில் கொளஞ்சிநாதன் காதைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“ஐயா, அன்னைக்கு நீங்க அசந்து தூங்கிட்டீங்களா?”

“இல்லைங்க. முழிச்சிக்கினுதான் இருந்தேன்.”

சுவரோரம் நின்ற ஹிதாயத்துல்லா கூரையைப் பார்த்தார்.

“முழிச்சிருந்தா, அத்தனை பேர் கத்துனது?”

“கேக்கலைங்க. எனக்கு ரெண்டு காதும் மந்தம். வண்டு கத்துற நேரத்துல மனுசக் குரல் தெரியாது.”

சுதாகர் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினார். ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். “இது நீங்க குடுத்த சான்றிதழ். செவித்திறன் இயல்புன்னு இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு.”

கொளஞ்சிநாதன் அதைப் பார்த்தார். படிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த முகாம் நாள் அவருக்கு நினைவிருந்தது. ஒரு பந்தல், ஒரு மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். வரிசையில் ஒவ்வொருவரிடமும் ‘காது கேக்குதா?’ என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் ‘கேக்குது’ என்றார்கள். கேட்கவில்லை என்று சொல்பவருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் கேட் பாஸ் வராது என்பது வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கேள்வி காதில் விழுந்தவரும் விழாதவரும் ஒரே பதிலைச் சொல்லி ஒரே இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

“இது சரியில்லைங்க” என்றார்.

“சரியில்லைன்னா, பொய்ச் சான்று குடுத்துப் பாஸ் வாங்குனதா ஆகும். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. சரின்னா, கேட்டுட்டே சும்மா இருந்ததா ஆகும்.” சுதாகர் குரலைத் தணித்தார், தணித்ததும் கொளஞ்சிநாதனுக்குக் கேட்காமல் போக, மறுபடி உயர்த்தினார். “உங்களைச் சிக்க வைக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்லைங்க. காட்டுல ஒரு தண்ணி பாட்டில்கூட வீசாத ஆள் நீங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க. கூப்பிட்டது கேட்டுச்சு, கவனக்குறைவா பதில் சொல்லல, மன்னிக்கணும்னு. மூணு மாசம் தடை போட்டு முடிச்சிடறேன். அடுத்த கோடைக்கு நீங்க வரலாம்.”

தாளும் பேனாவும் முன்னால் வந்தன. அடுத்த கோடை, பாலை மரம், வண்டுகள் எல்லாம் அந்த ஒரு வரிக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஹிதாயத்துல்லா கண்ணால் எழுது, எழுது என்றார். கொளஞ்சிநாதன் பேனாவைத் தொடவில்லை. காது கேட்கிறது என்று ஒருமுறை கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தத் தாள்தான் இப்போது மேசைமேல் கிடக்கிறது. அதே பொய்யை இரண்டாம் முறை எழுதினால், தம் காதைப் பற்றி உலகத்தில் இருக்கும் இரண்டு காகிதங்களும் பொய்யாகிவிடும்.

“கேட்டுச்சுன்னு எழுத முடியாதுங்க. முட்டை ஒடஞ்சதுக்கு என்னா தண்டனையோ அத குடுங்க, வாங்கிக்கிறேன்.”

சுதாகர் பேனாவை எடுத்து மூடினார். “அப்ப நான் கையில இருக்குற காகிதத்தை வச்சுத்தான் எழுதணும்.”

அப்படித்தான் எழுதினார். ஆணையைப் படித்த கண்ணகி, அதை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஒரு வரி. எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தா முடிஞ்சுது. அத எந்தக் கோர்ட்டுல வச்சுப் படிக்கப் போறாங்க?”

“கோப்புல இருக்கும்.”

“யாரு கோப்புல?”

“அவங்க கோப்புல. என் கோப்புலயுந்தான்.”

“காது ரெண்டும் உங்களது. தூக்கம் போனது உங்களுக்கு. கோப்பு தூங்குதா, முழிச்சிக்கினு இருக்குதான்னு யாரு பாத்தா?” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், அவளே ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துத் திருகிவிட்டு வந்தாள்.

அவர் கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல நேரம் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். சோதனை செய்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், அப்போதெல்லாம் ஓசை வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. இரண்டு காதுகளிலும் கேட்புக்குறைவு, சுற்றுப்புற ஓசை மிகுந்த இடத்தில் மனிதக் குரலைப் பிரித்தறிய இயலாது என்று அறிக்கை வந்தது. தேதியும் முத்திரையும் இருந்தன. மேல்முறையீட்டை எழுதினார். முகாமில் நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். பழைய சான்று தவறு என்றும், அதைக் கொடுத்தது தாமே என்றும், அதற்குரிய பிரிவில் தம்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம் என்றும், ஆனால் கேட்காத காதைக் கேட்டது என்று எழுதியதை நீக்க வேண்டும் என்றும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

அந்தக் கோடை போயிற்று. அடுத்த கோடையும் வந்துபோயிற்று. சித்திரையில் ஒருநாள் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறி, காட்டின் வாயில்வரை போய்ப் பார்த்தார். அங்கே வண்டுகளின் ஓசை லேசாகக் கேட்டது. தலைக்குள் இருக்கும் இரைச்சலை மூடுகிற அளவுக்கு இல்லை. பலகையைத் தாண்டவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

மேல்முறையீடு போய் ஓராண்டுக்கு மேலான பிறகு ஒருநாள் போன் வந்தது. “காப்பிடம்” என்ற ஒரு சொல் புரிந்தது. மற்றது இரைச்சலில் போயிற்று. “எழுதி அனுப்புங்க” என்றார். எதிர்முனை ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மறுவாரம் மறுபடி வந்தது. இந்த முறை கண்ணகி வாங்கிப் பேசினாள்.

“நான் அவரு சம்சாரம். எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்.”

கேட்டுக்கொண்டே இருந்தவள் போனைக் காதிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தாள். “மனுதாரருகிட்டதான் சொல்லுவாங்களாம். உங்ககிட்டயே குடுக்கச் சொல்றாங்க.”

கொளஞ்சிநாதன் வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் ஒருவர் பொறுமையாக, நீண்ட நேரம் பேசினார். மேல்முறையீடு ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பது அந்தப் பேச்சுக்குள் இருந்திருக்க வேண்டும். பேச்சு முடிந்தது. “சரிங்களா?” என்ற கடைசிச் சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது. அவர் சரி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, வெள்ளைத்தாள் எடுத்தார்.

அதில் எழுதியது இவ்வளவே: பக்கிக் குருவியின் முட்டைகளுக்காகவும் நாற்றுகளுக்காகவும் அலுவலகம் எத்தனை மாதம் தடை விதித்தாலும் அவர் ஏற்கிறார். மறுபடி அனுமதி கிடைக்குமானால், காது கேட்கும் ஒருவரை, அவருக்கும் முறையாகச் சீட்டு வாங்கி, உடன் அழைத்துச் செல்லச் சம்மதிக்கிறார். ஆனால் 2023 ஜூன் 2-ஆம் தேதியிட்ட ஆணையில் உள்ள ‘கேட்டும்’, ‘வேண்டுமென்றே’ என்னும் சொற்கள் எந்தச் சான்றின் அடிப்படையில் எழுதப்பட்டன, மருத்துவமனை அறிக்கையைப் பார்த்த பின்னும் அவை நிற்கின்றனவா, நீக்கப்படுகின்றனவா என்பதை அலுவலகம் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் சொல்வதை அவரால் கேட்க இயலாது. கேட்க இயலாது என்பதுதான் இந்த மனுவின் பொருளே. ஆகவே, இது கிடைத்த முப்பது நாட்களுக்குள், கையெழுத்தும் தேதியும் முத்திரையும் இட்டு, எழுத்துமூலமாகப் பதில் அளிக்க வேண்டும்.